இரண்டாவது வேட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு தினசரிக் காலண்டர் தாள் இருக்கிறது. சித்திரபானு வருடம், அதாவது 2002. ஆவணி மாதம், சனிக்கிழமை. தேதி அச்சாகியிருந்த இடத்தை எலி தின்றுவிட்டது. (வேறு எதையும் தொடவில்லை. எனக்குக் கிடைக்கும் ஆவணங்களில் எல்லாம் எலிக்குத் தேதிதான் பிடிக்கிறது.) ராசிபலன் வரிசையில் என் ராசியான துலாத்துக்கு நேரே ‘நிதானம்’ என்று ஒற்றைச் சொல். தாளின் பின்பக்கம் நீல மையில், என் கையெழுத்தில் இரண்டு வரிகள்:

“அண்ணன் வண்டியின் சைலன்சர் உள்குழாய் இன்று நீக்கப்பட்டது. சக்தி கூடியிருப்பதாகத் தெரிகிறது.”

கல்வெட்டில் ஓர் எழுத்து சிதைந்திருந்தால்கூட அந்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டு நகர்கிறவன் நான். ஊர் வரலாறு எழுதுகிறேன் என்று இத்தனை வருடங்களில் எவ்வளவோ தாள்களை நிரப்பியிருக்கிறேன். அவற்றில் ஆதாரமே இல்லாமல் எழுதிய வாக்கியம் எது என்று கேட்டால், இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

அப்போது வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டு, பெரம்பலூரில் எங்கள் வீட்டில் இருந்தபடி வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். இருந்தபடி என்பது பேச்சுக்குத்தான். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை எதையாவது திருகும். வீட்டிலிருந்த மின்விசிறி, ரேடியோ, அம்மாவின் தையல் மெஷின் எல்லாமே என்னால் ஒரு தடவையாவது பிரிக்கப்பட்டவை. சில திரும்பச் சேர்க்கவும்பட்டன. நூலகத்தில் எஞ்சின்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் பாதி படித்திருந்தேன். (மீதிப் பாதியில்தான் ‘ஆனால்’ என்று தொடங்கும் அத்தியாயம் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.)

வண்டி என் அண்ணன் செல்வராசுவுடையது. நூறு சிசி, கறுப்பு நிறம், வாங்கியபோது இருந்தது போலவே பளபளப்பு. அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எறையூர் ஆலையில் கரும்பு லாரிகளை எடை போட்டு உள்ளே அனுப்பும் வேலை. நாளெல்லாம் லாரிகளின் ஹாரனைக் கேட்டுக் கேட்டோ என்னவோ, சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது. அம்மா கடுகு தாளிக்கும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதரின் வண்டியை, ஆயில் மாற்றிக்கொண்டு வரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்.

நான் ஆயில் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சுற்று போகலாம் என்று வாலிகண்டபுரம் வரை போனேன். வழியில் ஒரு மொபெட் என்னைத் தாண்டிப் போனது. இரண்டு பக்கமும் பால் கேன், ஓட்டுகிறவருக்குப் பின்னால் அவர் மனைவி, மனைவியின் மடியில் ஓர் ஆட்டுக்குட்டி. நான் முழுதாகத் திருகியும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. தாண்டிப் போனபின் அந்த ஆட்டுக்குட்டி மட்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

அந்தப் பார்வைதான் என்னை நேராகக் காதர் பாய் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தியது.

“பாய், வண்டி இழுக்கவே மாட்டேங்குது.”

“எப்புடித் தம்பி இழுக்கும்? மூக்கடைச்சவன ஓடச் சொன்னா ஓடுவானா?” என்றார் பாய், சைலன்சரைத் தட்டிக்கொண்டே. “உள்ள ஓட்ட ஓட்டையா ஒரு கொழா வச்சு அடைச்சுல்ல வச்சிருக்கான்.”

“அதத்தான் நானும் புத்தகத்துல படிச்சேன் பாய். பொக வெளிய போற வழியில தடையிருந்தா பவரு கொறையும்னு போட்ருக்கு.”

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“புஸ்தகத்துலயே போட்ருக்கானா?”

நடந்தது இதுதான். அவர் அதுவரை குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயத்துக்கு என் புத்தகம் சாட்சி சொன்னது. நான் பாதி படித்த விஷயத்துக்கு அவர் அனுபவம் சாட்சி சொன்னது. இரண்டு அரைகுறைகள் ஒன்றையொன்று நம்பின. அவ்வளவுதான்.

“உருவிட்டா ஏரோப்ளேன் தம்பி, இன்ஷா அல்லா. கார்பரேட்டரையும் கொஞ்சம் தொறந்து வுட்டுடறேன், நல்லாக் குடிக்கட்டும். ஒங்கண்ணன் ஒன்னும் சொல்ல மாட்டாருல்ல?”

“சந்தோசப்படும் பாய்.”

குழாய் ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. உடம்பெல்லாம் துளை, துளையெல்லாம் கரி. உருவியதும் பாய் வண்டியை உதைத்தார். எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டதில் டீ பூராவும் கீழே கொட்டியது.

“பாத்தியா பவர!” என்று கத்தினார் பாய். கத்தினால்தான் கேட்டது.

டீ கொட்டியதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைக் கிழித்து எழுதிவிட்டேன்.

அம்மா குழாயைப் பார்த்து, “என்னடா இது?” என்றார்.

“வண்டிக்கு வேண்டாத பார்ட்டும்மா.”

அம்மாவுக்கு வேண்டாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, சாமி மாடத்தில் படுக்க வைத்து, அதன் துளைகளில் ஊதுபத்தி செருகிவிட்டார். அளவெடுத்ததுபோல் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. இது சாதாரண ஏற்பாடு இல்லை. அண்ணனுக்கு முப்பத்து நாலு நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் தட்டிப்போன இடங்களை அம்மா வரிசையாகச் சொல்லி அழும்போது, ஊர்ப் பெயர்களை நான் இடையில் திருத்துவேன். (திட்டும் வாங்குவேன்.) ஜோசியர் கொடுத்திருந்த கெடு ஆவணியோடு முடிகிறது. புரட்டாசியில் யாரும் பெண் பார்க்க மாட்டார்கள். ஐப்பசி வந்தால் குரு பலம் போய்விடும். அண்ணன் முந்தின வாரம் யாருக்கும் தெரியாமல் போய் ஒரு புது வேட்டி வாங்கி வைத்திருந்தார். அவர் தானாகப் போய் வேட்டி வாங்கி நான் பார்த்ததே இல்லை.

பெண் வீடு குன்னம் தாண்டி அரியலூர் பக்கம் ஒரு கிராமம். பெயர் சொல்ல மாட்டேன். சம்பந்தி வீட்டார் இதைப் படிப்பார்கள். பெண்ணின் அப்பா கலியமூர்த்தி. அவர் வீட்டுப் போன் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. அதனால் அம்மா, அண்ணன், மாமன்மார் எல்லாரும் வேனில் வருவதென்றும், நான் முன்னால் வண்டியில் போய்ச் சேதி சொல்வதென்றும் முடிவானது.

“என்ன சொல்லணும், சொல்லு பாப்பம்?” என்றார் அண்ணன்.

“எமகண்டத்துக்கு முன்னாடி எல்லாரும் வந்துடுவாங்க, சொல்லச் சொன்னாங்க.”

“அத மட்டும் சொல்லு. அங்க போயி கோயிலப் பாக்குறேன், கல்லப் பாக்குறேன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு நிக்காத.”

வண்டியை வாசலில் உதைத்தால் அண்ணனுக்குக் கேட்டுவிடும். ஆகவே தெரு முனை வரை தள்ளிக்கொண்டே போனேன். “பாருங்கடி, பெட்ரோல் மிச்சம் புடிக்கிறான் எம்புள்ள” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது கேட்டது.

பெரம்பலூர் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம். பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன மாட்டு வண்டியில் மாடு ரோட்டை விட்டே இறங்கிவிட்டது. எல்லாம் வியப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேகம் கூடியிருந்ததா? காது கூடியதாகச் சொன்னது. கை, ‘இல்லை’ என்றது. குன்னத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றத்தில் ஒரு பால்காரர் மறுபடியும் என்னைத் தாண்டிப் போனார். இவர் வேறு பால்காரர். இவரிடம் ஆட்டுக்குட்டி இல்லை. எனவே அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஊருக்குள் போக ஏரிக்கரை மேலேறி இறங்க வேண்டும். கரை மேல் வந்ததும் எனக்கு ஒரு பண்பாடு தோன்றியது. பெண் எடுக்கப் போகிற ஊர். இந்தச் சத்தத்தோடு போய் இறங்கினால் என்ன நினைப்பார்கள்? சாவியை அணைத்துவிட்டு, இறக்கத்தில் சும்மா உருட்டிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தேன். கியரை எடுக்க மறந்துவிட்டேன். சாவி அணைந்த எஞ்சின் இறக்கம் முழுக்கச் சுற்றிக்கொண்டே, பெட்ரோலை எரிக்காமல் அப்படியே அந்தத் திறந்த குழலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. பாதியில் ஓர் எருமை குறுக்கே வந்தது. ஒதுங்கப் போனதில் வேகம் விழுந்தது. சாவியைத் திருப்பினேன்.

டமார்.

ஏரியிலிருந்த கொக்கு ஒன்றுவிடாமல் எழுந்தது. எனக்கு இரண்டு காதும் ‘ங்ஙொய்’ என்று அடைத்துக்கொண்டன. எருமை மட்டும் அசையவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது என்னை யாரும் பார்க்கவில்லை. ஆட்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி வீடு திறந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. முறத்தில் நறுக்கிய வாழைக்காய் அப்படியே இருந்தது. ஒரு பெரிய சட்டி நிறையக் கேசரி. ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் கொண்டையை அவிழ்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

“யாருப்பா நீ? ஒறவுக்காரங்களா?”

“பெரம்பலூருங்க. இவங்க எல்லாம் எங்கங்க?”

“அங்கமுத்துப் பெரியவரு போயிட்டாருப்பா! இவங்களுக்குப் பங்காளி. ஆறு மாசமா இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. இப்பத்தான் வேட்டுப் போட்டாங்க. ஒனக்குக் கேக்கல?”

நான் மனசாட்சியோடு யோசித்துப் பார்த்தேன். என் காதுதான் அடைத்திருந்ததே.

“இல்லீங்க” என்றேன்.

அந்த ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். யாராவது இறந்தால் சேதி சொல்ல இரண்டு வேட்டு போடுவார்கள். ஒன்று போட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. ஒன்றே ஒன்று கேட்டால் ஏதோ சத்தம். இரண்டு கேட்டால் சாவு. அதைக் கேட்டதும் பங்காளி வீடுகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

பங்காளி என்றால் தீட்டு. தீட்டு என்றால் பதினாறு நாள். பதினாறு நாள் என்றால் புரட்டாசி. அண்ணனின் புது வேட்டி என் கண் முன்னால் வந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரத்தது. (அந்தக் கையை அப்போதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேனுக்காகக் காத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) எனக்குப் பட்டது இதுதான்: துக்க வீட்டுக்கு முதல் ஆளாக ஒரு மாலையோடு போய் நின்றால், ‘நல்ல குடும்பம்பா, முறை தெரிஞ்சவங்க’ என்று ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சில் சம்பந்தம் ஜோசியர் கெடுவைத் தாண்டியும் தாங்கும்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பூக்கடை இருந்தது.

“மாலை சாமிக்கா, சாவுக்கா?” என்றார் கடைக்காரர்.

“சாவுக்குங்க. அங்கமுத்துத் தாத்தா.”

“அய்யய்யோ! அப்ப அந்த வேட்டு அவருக்குத்தானா?” என்றவர், கடைக்கு முன்னால் நின்ற அரியலூர் பஸ்ஸின் கண்டக்டரைக் கூப்பிட்டு அந்தச் சேதியையும் ஏற்றிவிட்டார். நல்ல மனிதர். எனக்கு இருந்ததிலேயே பெரிய மாலையாகக் கொடுத்தார்.

துக்க வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. ஊரே அங்கே நின்றது. ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. எல்லாரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் அழாமல் இறுக்கமாக இருக்கிறார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியைத் தெருவின் நடுவிலேயே நிறுத்தினேன். செருப்பைக் கழற்றினேன். மாலையை இரண்டு கையிலும் ஏந்தி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். மாலையைக் கண்டதும் கூட்டம் வழக்கம் போல வழிவிட்டது. கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றேன். குனிந்த தலைக்கு இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன. மாலையைப் பாதங்களின் மேல் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பாதங்கள் வெடுக்கென்று பின்னால் போயின.

“யார்றா அவன், காலுல ஈரத்துணியப் போடுறது?”

நிமிர்ந்தேன். கட்டிலில் சுவரில் சாய்ந்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் நீராகாரச் சொம்பு.

நடந்தது என்னவென்றால், வேட்டுச் சத்தம் கேட்டதும் ஊரே ஓடி வந்து, இரண்டு பெண்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி தொடங்கியிருக்கிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த அங்கமுத்துத் தாத்தா எழுந்து, “யாருடி செத்தது?” என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து ஊர், வேட்டு போட்டவனைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நான் மாலையோடு போயிருக்கிறேன்.

“யாரு வூட்டுப் புள்ளடா நீ? என்ன சேதி?” என்றார் தாத்தா.

மூளை மொத்தமாக நின்றுபோன அந்தக் கணத்தில், மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஒரே வாக்கியம் தானாக வெளியே வந்தது.

“எமகண்டத்துக்கு முன்னாடி எல்லாரும் வந்துடுவாங்க, சொல்லச் சொன்னாங்க.”

சொம்பு தாத்தாவின் கையிலேயே நின்றது.

“யாருடா வருவாங்க?”

“எங்க… எங்கம்மா, அண்ணன், மாமா எல்லாம். பொண்ணு பாக்க வந்துருக்கமுங்க.”

“பொண்ணு பாக்க வந்தவன் எனக்கு ஏண்டா மாலை போடுற?”

கூட்டத்தின் பின்பக்கத்தில், அழுது வீங்கிய முகத்தோடு நின்றிருந்த ஒரு பெண் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

கலியமூர்த்தி முன்னால் வந்தார். ஒல்லியான ஆள், ஆனால் குரல் பெரியது. “தம்பி, நீ செத்த ஓரமா நில்லு. மொதல்ல வேட்டு போட்டவன் யாருன்னு தெரியணும். தெரியாம இங்கேருந்து ஒருத்தனும் நவுரக் கூடாது. ஏம்ப்பா, நீதான?” என்று ஊர் வேட்டுக்காரரைப் பிடித்தார்.

“சாமி சத்தியமா நான் போடல மாமா! எங்கிட்ட மருந்தே இல்ல. திருவிழாவோட தீந்து போச்சு!”

“பின்ன, சத்தம் வானத்துலேருந்தா வந்துச்சு? ஊரே கேட்டுருக்கு, ரெண்டு!”

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. யாரோ ஒருவன் இரக்கமில்லாமல் விளையாடியிருக்கிறான் என்று ஊரோடு சேர்ந்து நானும் வருத்தப்பட்டேன். தலையைக்கூட ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து வேன் வந்தது. தெரு நடுவில் வண்டி நின்றதால் வேனால் வர முடியவில்லை. அண்ணன் இறங்கினார். புது வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கூட்டத்தைப் பார்த்துக் குழம்பினாலும், முதலில் தன் வண்டியை ஓரமாக எடுக்கலாம் என்று ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, உதைத்தார்.

அந்தக் கர்ஜனையைக் கேட்டபோது அண்ணனின் முகத்தில் வந்த அச்சத்தை நான் பிற்பாடு எங்கும் கண்டதில்லை. சட்டென்று சாவியை அணைத்தார். பதற்றத்தில் மற்றக் கை ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே இருந்தது. ஏதோ உடைத்துவிட்டோம் என்று நினைத்தவர் போல, எஞ்சின் நிற்பதற்குள் மறுபடி சாவியைத் திருப்பினார்.

டமார்.

வேட்டுக்காரர் துள்ளினார். “அந்தா! அந்தா போட்டான் பாரு! வெள்ளச் சட்டக்காரன்!”

ஊரே திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. அம்மா வேனிலிருந்து இறங்கும்போதே தாம்பாளத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“பொண்ணு பாக்க வர்றவங்க சாவு வேட்டு போட்டுக்கிட்டா வருவாங்க?” என்றார் கலியமூர்த்தி. “அடுப்ப அணைச்சாச்சு. ஒப்பாரியும் வச்சாச்சு. இதுக்கு மேல இன்னைக்கு என்னத்தப் பேசுறது? நீங்க போயிட்டு வாங்க.”

போயிட்டு வாங்க என்றால் வராதீங்க என்று அர்த்தம். அண்ணன் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டு வேனைப் பார்த்துத் திரும்பினார். ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கலாம் என்று ஓரடி வைத்தேன். மாலையில் கால் பட்டு வழுக்கி, கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்தேன்.

“கலியா,” என்றார் தாத்தா. “இங்க வாடா.”

“என்ன பெரியப்பா?”

“நான் செத்துட்டேன்னு சேதி வந்துருச்சு. ஒப்பாரி வச்சுட்டாளுவ. மாலையும் வுழுந்துருச்சு. இன்னும் என்ன பாக்கி இருக்கு? எல்லாம் முடிஞ்சும் நான் கஞ்சி குடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன். பொய்ச் சாவு சேதி வந்தா ஆயுசு கூடும்னு ஒனக்குத் தெரியாதா? இவனுவ வந்த நேரம் எனக்குக் கண்டம் கழிஞ்சுச்சு. இது அபசகுனமாடா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “காலையிலேருந்து கேசரி வாசம் வருது. அடுத்த தெருவுல கெழவன் கெடக்குறானே, ஒரு வாய் குடுப்பம்னு தோணுச்சா யாருக்காச்சும்? போயி அடுப்பப் பத்த வைங்க.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆயுசு கூடும் என்பதை அந்த ஊரில் யாராலும் மறுக்க முடியவில்லை. கலியமூர்த்தி தன் மகளைத் தேடினார். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதே, அதுதான் பெண். பூங்கொடி. பெண் பார்க்கிற நாளுக்கான அலங்காரம் எதுவும் இல்லை. ஒப்பாரிக்கு ஓடி வந்ததில் பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது.

“நீ என்னம்மா சொல்ற?”

பூங்கொடி அண்ணனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

“அவங்க வரலாம்பா. வண்டிதான் வரக் கூடாது.”

அண்ணன் சிரித்தார். சத்தமில்லாமல்தான். ஆனால் சிரித்தார்.

பெண் பார்த்தது எமகண்டத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அங்கமுத்துத் தாத்தாவுக்குத்தான் முதல் தட்டுக் கேசரி போனது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்கு மேலே ஊர் எல்லை வரை போய், அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் காவல் இருந்தேன். பிற்பகல் அரியலூர் பஸ்ஸிலிருந்து மூன்று குடும்பங்கள் மாலையோடு அழுதபடி இறங்கின. அத்தனை பேரிடமும் விஷயத்தை விளக்கும் பொறுப்பு எனக்கு விழுந்தது. மூன்றாவது குடும்பம் என்னை அடிக்கவே வந்தது.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியதும் அண்ணன் கேட்டார்:

“கொழா எங்க?”

சாமி மாடத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் இரண்டு ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.

காதர் பாய் குழாயை மாட்டிக் கொடுத்தார். “புஸ்தகத்துல போட்ருந்துச்சுன்னு நீதான சொன்ன?” என்று என் மேல் சாய்த்துவிட்டார். அந்த மாதம் முழுக்க வண்டிப் புகையில் சந்தன வாசனை வந்ததாக அண்ணன் இன்றும் சாதிக்கிறார். மாட்டிய பிறகு வாலிகண்டபுரம் ரோட்டில் ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தது. அதை நான் எந்தத் தாளிலும் குறித்து வைக்கவில்லை.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாணவேடிக்கை வேண்டாம் என்று பெண் வீட்டார் முன்கூட்டியே எழுதி வாங்காத குறை. அண்ணி வந்த நாள் முதல் எனக்கு வீட்டில் பெயர் வேட்டு. இப்போது அவர் பிள்ளைகளுக்கு நான் ‘வேட்டுச் சித்தப்பா’. பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னபோது என் பெயரை அப்படியே எழுதிவிட்டார்கள்.

அங்கமுத்துத் தாத்தா சொன்னபடியே ஆயுசு கூடிப்போய், அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமான 2007 வரை இருந்தார். அந்த வருடம் ஒரு காலையில் உண்மையாகவே போனார். முறைப்படி இரண்டு வேட்டு போட்டார்கள். ஒருவர்கூட வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அண்ணியின் அம்மா சமையல்கட்டிலிருந்தே, “பெரம்பலூர் தம்பி வந்துருக்காப்ல, காப்பித் தண்ணி வையுங்கடி” என்று குரல் கொடுத்தாராம். வேட்டுக்காரர் வீடு வீடாகப் போய், “இது நெசம், நான்தான் போட்டேன், வாங்க” என்று அழைக்க வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மாலை வாங்க அஞ்சி வெறுங்கையோடு நின்றேன். “எங்கடா மாலை? ஒங்கையால போட்டாத்தான் அவருக்கு மனசு ஆறும்” என்று கலியமூர்த்தி மாமாதான் கடைக்கு அனுப்பினார்.

அந்தத் துக்க வீட்டில்தான் ஒரு பேச்சு வந்தது. ஊர் மொத்தமும் அந்த ஞாயிறு கேட்டது இரண்டு சத்தம். நான் ஏரிக்கரையில் சாவியைத் திருப்பியது ஒரே தடவை. அண்ணன் போட்டது அதற்கு வெகு நேரம் பின்னால், ஊரே கண்ணால் பார்க்க. எனவே என் பங்கு ஒன்றுதான் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். வீட்டில் யாரும் நம்புவதில்லை. துக்கத்துக்கு வந்திருந்த ஒருவர், முன்பு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர், அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கத்துக்கு மாறாகக் குவாரியில் வெடி வைத்தது தனக்கு நினைவிருக்கிறது என்றார். எந்த ஞாயிறு என்று அவருக்குத் தெரியவில்லை. என் தாளில் தேதியை எலி தின்றிருக்கிறது. குவாரியில் கேட்டால் பழைய பதிவுகள் பெரம்பலூரில் இருக்கும் என்கிறார்கள். பெரம்பலூரில் கேட்டால் மாவட்டம் பிரிந்தபோது அரியலூருக்குப் போய்விட்டது என்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

முதல் சத்தம் என்னுடையது. அதில் ஐயமில்லை. இரண்டாவது சத்தம் யாருடையது என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.